பெட்டியின் பின்பக்கம்

அத்தியாயம் 9

"இதே வட்டம், இதே பதினெட்டு வோட்ஸ். ஒண்டே ஒண்டு தந்தாப் போதும் புள்ள. ஏணியில நிண்டு பூட்டக்குள்ள கை தவறிட்டு."

"பெட்டி இரிக்கா காக்கா?"

"பெட்டி என்னத்துக்கு? நான் என்ன பெட்டியயா முகட்டுல பூட்டப்போறன்?"

"தாங்களன், பாத்துட்டுத் தாறன்."

வயரிங் வேலை செய்கிற றிம்சான், மோட்டார் சைக்கிளில் தொங்கிய பைக்குள் கைவிட்டு, ஒரு பக்கம் நசுங்கிய அட்டைப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஸுஹைறா அதைப் பின்பக்கம் திருப்பினாள்.

கல்முனைப் பிரதான வீதியில் வாப்பாவின் விளக்குக் கடையை அவள் பார்த்துக்கொள்ளத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. வாங்க வருகிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே சிரிக்கிற குடும்பம் ஒன்றும், பெரிய எழுத்தில் வோட்ஸும் இருக்கும். அவள் பின்பக்கத்தைப் பார்ப்பாள். எறும்பு ஊர்ந்தது போன்ற அந்தச் சின்ன எழுத்துகளில்தான், அது என்ன விளக்கு என்பது எழுதியிருக்கும்.

வோட்ஸ் என்பது விளக்குத் தின்கிற கரண்ட், அது தருகிற வெளிச்சத்தை லூமன் என்று போட்டிருப்பார்கள் என்று அவள் ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்துவாள். அவர்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வோட்ஸ் கூடினதாக ஒன்று தரச் சொல்வார்கள். முப்பதாயிரம் மணித்தியாலம் என்று போட்டிருக்கிறதே, அது முடிந்தால் அணைந்துவிடுமா என்று கேட்பார்கள். அணையாது. அது வெளிச்சம் பத்தில் ஏழாகக் குறைகிறவரைக்கும் உள்ள கணக்கு. அதற்குப் பிறகும் விளக்கு எரியும். குறைந்துபோனது வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, தினமும் பார்ப்பதால்.

பெட்டியின் பின்பக்கத்தில் வெளிச்சத்தின் நிறம் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்றிருந்தது. பால்வெள்ளை; இந்த இலக்கம் குறையக் குறைய மஞ்சள் கூடும். அதற்குக் கீழே லூமன். அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது. அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கடை வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்து மூன்றாம் தரமும் வாசித்தாள்.

நூறிலிருந்து நூற்றிமுப்பது வோல்ட் வரை.

"எத்தின பூட்டினீங்க காக்கா?"

"முப்பது. இதோட முப்பத்தொண்டு. எல்லாம் மேல ஏறிட்டு, அல்ஹம்துலில்லாஹ்."

"எரிய வெச்சுப் பாத்தீங்களா?"

றிம்சான் சிரித்தார். கரண்ட் வந்தால்தானே எரிய வைப்பதற்கு. அவளுடைய வாப்பா கட்டும் புது வீட்டுக்கு மீட்டர் பூட்ட இன்றைக்கு இரண்டு மணிக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் போனதும் மெயின் சுவிட்சைப் போட வேண்டியதுதான். பின்னேரம் அஸருக்குப் பிறகு, அவள் தங்கையின் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளைகள் வீடு பார்க்க வரும்போது, கலியாண வீடு மாதிரி ஜெகஜோதியாக இருக்கும் என்றார்.

அவள் அந்த வரியைக் காட்டினாள். அவர் பொருட்படுத்தவில்லை. எல்ஈடி என்றால் எந்தக் கரண்டிலும் எரியும், போன் சார்ஜர் மாதிரி என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அவள் மேசை லாச்சிக்குள் இருந்த தன் சார்ஜரை எடுத்துத் திருப்பி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சார்ஜரில் நூறிலிருந்து இருநூற்றிநாற்பது வரை என்றிருந்தது. பெட்டியில் நூற்றிமுப்பதோடு நின்றிருந்தது.

"நம்மட சுவருக்குள்ள வாறது இருநூற்றிமுப்பது காக்கா."

றிம்சான் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கலியாண வீடு மெல்ல அணைந்தது.

"இத நான் வாயால சொல்ல மாட்டன் புள்ள. சவூதிச் சாமான். ஷிப்லித் தம்பி கார்கோவில அனுப்பினது. உங்கட வாப்பா வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டிட்டார். நீதான் ஊட்டுப் புள்ள. நீ சொல்லு."

அதுதான் அவளால் முடியாத காரியம்.

அந்த வீட்டைப் பற்றி ஸுஹைறா எதுவும் சொல்லக்கூடாது என்று யாரும் கட்டளை போடவில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் அசைவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முதல், குசினி விளக்கு அந்த இடத்தில் வந்தால் மரக்கறி வெட்டுகிறவளின் நிழல் பலகையில் விழும் என்று சொன்னாள். அவ்வளவுதான். தங்கை நஸ்லா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அந்த வீட்டில் குறை தேடாமல் உன்னால் இருக்க ஏலாதா என்று உம்மா தாழ்ந்த குரலில் கேட்டா.

அந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டது ஸுஹைறாவுக்கு. இந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு எழும்பினால்தான் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் வருவார். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. லிண்டல் மட்டத்தில் வேலை நின்றுபோனது. சுவர்கள் நின்றன. பேசிவைத்த மாப்பிள்ளை நிற்கவில்லை. பத்து வருடம் அந்த அறைகளுக்குள் மாரி மழை நேராகப் பெய்தது. பிறகு தம்பி ஷிப்லி தம்மாமுக்குப் போனான். கூரை ஏறியது. கூரை ஏறிய நேரத்தில் தங்கை நஸ்லாவுக்கு ஹிஷாமின் சம்பந்தம் வந்திருந்தது. வீட்டு உறுதிப்பத்திரம் நஸ்லாவின் பெயரில் எழுதப்பட்டது. அதில் ஸுஹைறாவும் சாட்சிக் கையெழுத்து வைத்தாள்.

கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள். அது முடிந்ததும், முன்னால் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை உடைத்து முற்றமாக்குவதாகத் தீர்மானம். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் புது வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறை. ஸுஹைறாவுக்கு எது என்று யாரும் சொல்லவில்லை. உம்மாவோடு படுத்துக்கொள்வாள் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். எண்ணினார்களா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

அந்த வீட்டின் கிழக்கு மூலையில் சின்ன அறை ஒன்று உண்டு. பத்தடிக்கு எட்டடி. பிளானில் அதற்குக் களஞ்சிய அறை என்று பெயர். ஒரே ஜன்னல். சாய்ந்தமருதுக் கடலின் சத்தம் மற்ற அறைகளுக்கு முன்னால் அந்த ஜன்னலுக்குத்தான் வரும். ஒரு கட்டிலும், அவளுடைய புத்தகப் பெட்டிகள் இரண்டும் அதற்குள் அடங்கும். பனி பெய்கிற ஊர்களின் கதைகள்தான் அந்தப் பெட்டிகளில் அதிகம். பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊர்களில், வழி தவறிய யாரோ ஒருவர் தூரத்தில் மஞ்சள் ஜன்னலைக் கண்டு நடப்பார். அந்த மஞ்சள் எத்தனை கெல்வின் என்று அவளுக்குத் தெரியும். பொழுதுபட, மஃரிப் நேரம் கடை பூட்டி பஸ்ஸில் வரும்போது, ரோட்டோரத்து வீடுகளை அவள் அப்படித்தான் எண்ணுவாள். இது நாலாயிரம், இது ஆறாயிரத்து ஐந்நூறு. எல்லா வீட்டையும் அவளுக்கு வெளியிலிருந்துதான் தெரியும்.

அந்தச் சின்ன அறையைத் தனக்குத் தரும்படி நஸ்லாவிடம் கேட்க வேண்டும். மூன்று வாரமாக அந்த வசனத்தை அவள் மனதுக்குள் எழுதி எழுதி அழித்திருந்தாள். இன்றைக்குக் கேட்பதாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பார்த்து, சந்தோஷமாகப் போன பிறகு நஸ்லாவின் மனம் குளிர்ந்திருக்கும். அப்போது.

இப்போது இந்தப் பெட்டி.

சொன்னால் பொறாமை என்பார்கள். அதற்குப் பிறகு அறையைப் பற்றி எந்த வாயால் கேட்பது? சொல்லாவிட்டால், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளைகள் ஒவ்வொரு சுவிட்சாகப் போடப்போட ஒவ்வொரு விளக்காக வெடிக்கும்.

றிம்சானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் கடையின் பின்பக்கம் போய்த் தம்பிக்குக் கோல் எடுத்தாள். தம்மாமில் காலை ஒன்பது மணி. ஷிப்லி இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தான். அறையில் இன்னும் ஐந்து பேர் உறங்குவதால் ரகசியம் சொல்வதைப் போலக் கதைத்தான். லைட்டுகளை எங்கே எடுத்தாய் என்று அவள் கேட்டதும், அவன் குரல் எழும்பி உட்கார்ந்துகொண்டது. பழைய வில்லா ஒன்றை உடைக்கப் போனார்களாம். அதன் ஸ்டோர் அறைக்குள் பெட்டி பிரிக்காமல் கிடந்ததாம். முதலாளியிடம் கெஞ்சி வாங்கினானாம். ஒவ்வொரு பெட்டியையும் பேப்பரில் சுற்றி, கார்கோக்காரனின் இடம் வரைக்கும் தோளில் வைத்து மூன்று நடை நடந்தானாம்.

பழைய வில்லாக்களில் பாதிக் கரண்ட்தான் ஓடும் என்று அங்கே போய் வந்த யாரோ கடையில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. தம்பிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவனும் முன்பக்கத்தைத்தான் பார்த்திருப்பான்.

"ராத்தா, எரியக்குள்ள வீடியோ கோல் எடுங்க. நான் ஒரு தரம் பாக்கணும்."

கூரை ஏறிய பிறகு அந்த வீட்டை அவன் கண்டதில்லை. சுவர்களாக நின்றபோது விட்டுப்போனவன். அவள் ஓம் என்று சொல்லி போனை வைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு றிம்சானின் பின்னால் ஓட்டோவில் வந்தாள். வழியில் நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மாளிகைக்காட்டுச் சந்திவரைக்கும் யோசித்தாள். வெடித்தால் வெடிக்கட்டும், யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அந்த யோசனை மனதுக்கு இதமாக இருந்ததைக் கண்டுதான் அவளுக்குப் பயம் வந்தது.

புது வீட்டில் உம்மா கைருன்னிஸா நிலம் துடைத்துக்கொண்டிருந்தா. நஸ்லா ஜன்னல்களுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். வாப்பா முத்தலிப் கதிரையைப் போட்டு ஹோலின் நடுவில் அமர்ந்து, அண்ணாந்து தன் மகன் அனுப்பிய விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஸுஹைறா நேராகச் சொன்னாள். மெயின் சுவிட்சைப் போட வேண்டாம், இந்த லைட்டுகள் நம்முடைய கரண்டைத் தாங்காது, பெட்டியில் எழுதியிருக்கிறது என்றாள். சொல்லி முடிந்தபோது உம்மாவின் கையிலிருந்த துணி நின்றிருந்தது.

நஸ்லா ஏணிப்படியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"உங்கட கடை லைட்டப் போடல்லண்டு கோவம். அதுதானே ராத்தா?"

"இல்ல நஸ்லா. இஞ்ச பாரு, இதுல..."

"நான் என்னத்தப் பாக்கிற? எனக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியா. நீங்க சொல்றதுதான் சரி எப்பவும். ஆனா இது என்ட ஊடு."

உம்மா மறுபடி நிலத்தைத் துடைக்கத் தொடங்கினா. நஸ்லா கெட்ட பிள்ளை அல்ல. சின்ன வயதில் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். பதினொரு நாளில் கலியாணம் வைத்திருக்கிற ஒரு பெண்ணின் பயம் அது என்று ஸுஹைறாவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த மூன்று சொற்கள் நெஞ்சுக்குள் எங்கேயோ போய்க் குத்தி நின்றன. மூன்று வாரமாக எழுதி வைத்திருந்த வசனம் அதோடு அழிந்துபோனது.

வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பெட்டியை வாங்கினார். எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. அவர் றிம்சானைப் பார்த்தார். றிம்சான் முகட்டைப் பார்த்தார்.

"றிம்சான், நீ என்ன சொல்றாய்?"

"நான் என்னத்தச் சொல்ற முத்தலிப் காக்கா? லைட் நல்ல லைட்தான். நம்மட கரண்ட்தான் கொஞ்சம் கூடிப்போயிட்டு."

ஸுஹைறா ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னாள். பழைய வீட்டில் கரண்ட் இருக்கிறது. அங்கே கொடுத்துப் பார்க்கலாம். எரிந்தால் அதன் பிறகு தான் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை என்றாள். அப்படிச் சொல்லும்போது, எரிந்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பகுதி துஆச் செய்தது. எரிந்தால் அவள் பிழை. பிழைவிட்டவளிடம் எல்லோரும் இரக்கமாக இருப்பார்கள்.

பழைய வீட்டு நடுக்கூடத்தில் றிம்சான் இரண்டு வயர்களை முறுக்கி, விளக்கைச் சீமெந்து நிலத்தில் மல்லாத்தி வைத்தார். எல்லோரையும் எட்டி நிற்கச் சொன்னார். வாப்பாதான் சுவிட்சைப் போட்டார்.

ஒரு மூச்சு நேரம் அது எரிந்தது. அவள் கடையில் ஒருநாளும் கண்டிராத வெள்ளை. சுவரின் வெடிப்புகள், உம்மாவின் கண்ணுக்குக் கீழேயிருந்த கருமை, ஓட்டு இடுக்கின் ஒட்டடை எல்லாம் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. பிறகு சின்னதாக ஒரு சத்தம். ஒரு நூல் புகை. மீன் கருகினது போன்ற வாடை.

வாப்பா சுவிட்சை நிறுத்தினார். நிறுத்திய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"கடையில எத்தின இரிக்கி?"

அவ்வளவுதான் கேட்டார். உம்மா கருகின விளக்கைத் துணியால் எடுத்து, ஷிப்லியிடம் யாரும் வாய் திறக்க வேண்டாம், பாவம் அவன் என்றா. நஸ்லா அதற்குத் தலையாட்டினாள். எல்லோரும் ஷிப்லியைப் பற்றியே கவலைப்பட்டார்கள். அதுவும் நியாயம்தான். அவன் அறையில் ஐந்து பேரோடு தனியாக இருக்கிறவன்.

அதற்குப் பிறகு நேரம் ஓடியது. ஆறங்குல ஓட்டைக்குப் பொருந்தக்கூடியவை கடையில் எத்தனை உண்டு, எந்தத் தட்டில் எந்த நிறம் என்று அவள் சொல்லச் சொல்ல, றிம்சான் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினார். ஹோலுக்கு நாலாயிரம் கெல்வின், கண்ணைக் குத்தாத வெள்ளை. படுக்கை அறைகளுக்கு மூவாயிரம். கடல் பக்க விறாந்தைக்கு, தூசும் நீரும் புகாத அறுபத்தைந்தாம் இலக்கக் காப்பு உள்ளது, இல்லாவிட்டால் உப்புக்காற்று ஆறு மாதத்தில் தின்றுவிடும். கண்ணாடி மேசைக்கு மேலே, நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு தொண்ணூறுக்கு மேல் உள்ளது. குறைந்ததைப் போட்டால் மணப்பெண்ணின் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். அவள் எந்த அறைக்கும் நின்று யோசிக்கவில்லை.

"முதலே பிளான் பண்ணி வெச்ச மாதிரிச் சொல்றியே புள்ள," என்றார் றிம்சான்.

அவள் ஓட்டோவில் கடைக்குப் போய், பெட்டிகளை அடுக்கி எடுத்து வந்தாள். மீட்டர் பூட்டுகிறவர்கள் வந்து போனார்கள். றிம்சான் ஏணியில் நின்று கழற்றிக் கழற்றிக் கீழே தர, அவள் புதியதை மேலே நீட்டினாள். ஷிப்லி பேப்பரில் சுற்றி அனுப்பிய விளக்குகள் ஒவ்வொன்றாக அரிசிச் சாக்குக்குள் போயின. நஸ்லா ஒரு தரம் வந்து, கண்ணாடி மேசைக்கு முன்னால் தற்செயலாக நிற்பதுபோல நின்றாள். புது விளக்கில் தன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூட நேரம் பார்த்தாள். பிறகு திரையைச் சரிசெய்யப் போனாள்.

கடைசியில் சின்ன அறை மிஞ்சியது.

மலிவான வெள்ளை விளக்குகள் இரண்டு கையில் இருந்தன. ஒன்றைப் பூட்டியிருக்கலாம். ஆனால் அவள் கடையிலிருந்து வேறொன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வருடத்துக்கு முதல், கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர் மாதிரிக்கென்று விட்டுப்போன விளக்கு. இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின். நிறம் காட்டும் அளவு தொண்ணூற்றேழு. அந்த இலக்கத்தை அவள் வேறு எந்தப் பெட்டியிலும் கண்டதில்லை. அதை விற்காமல் அடித்தட்டில் வைத்திருந்தாள். யாருக்கும் வேண்டாத அறைதானே, யார் அதற்குள் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணினாள். அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்த வீட்டில் ஏதாவது ஒரு இடத்தில் அவள் விரும்பினது எரியட்டும்.

றிம்சான் பூட்டிவிட்டு இறங்கி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஏணியை எடுக்க மறந்து அண்ணாந்து நின்றார்.

அஸர் தொழுகை முடிந்து அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் உம்மா றாஹிலா, இன்னும் நான்கு பொம்பிளைகளோடு வந்து இறங்கினா. வீடு பார்க்கிறவர்களின் வழக்கப்படி அவர்கள் ஒரு சுவிட்சையும் விடவில்லை. வெளியில் வெயில் இருக்கும்போதே எல்லா அறையும் எரிந்தது. ஒருத்தி குழாயைத் திறந்து பார்த்தா, ஒருத்தி அலுமாரிக் கதவைத் தட்டிப் பார்த்தா. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சவூதி லைட் என்றால் சவூதி லைட்தான் என்று றாஹிலா சொன்னா. ஓம், மகன் அனுப்பினது என்று உம்மா நிலத்தைப் பார்த்துச் சொன்னா. ஸுஹைறா தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றாள்.

வீடியோ கோலை வாப்பா எடுத்தார். போனை உயர்த்திப் பிடித்து ஹோலைச் சுற்றிக் காட்டினார். ஷிப்லி மாஷா அல்லாஹ் என்றான். அவனுக்குப் பின்னால் நித்திரையிலிருந்து எழும்பின இன்னும் இரண்டு முகங்களும் வந்து பார்த்தன. தம்பியின் சிரிப்பு அந்தச் சின்னத் திரையில் விட்டு விட்டுத் தெரிந்தது. நல்லா எரியுது என்று அவன் நாலு தரம் சொன்னான். வாப்பா ஓம் மகன் என்று நாலு தரமும் சொன்னார்.

பொம்பிளைகள் குசினியைப் பார்த்துத் திரும்பும்போது, றாஹிலா சின்ன அறையின் கதவைத் தள்ளினா.

"இது என்ன அறை?"

அது சும்மா ஸ்டோர் அறை என்று உம்மா சொல்வதற்குள் றாஹிலா உள்ளே கைநீட்டிச் சுவிட்சைப் போட்டா.

வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை. மெல்ல வந்து எல்லோரிலும் படிந்தது. றாஹிலாவின் முக்காடு மற்ற அறைகளில் வெறும் கபில நிறமாக இருந்தது. இங்கே அது மாதுளம் தோலின் சிவப்பாக மாறியது. பொம்பிளைகளின் முகங்களில் களைப்பு குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே பின்னேரம் நீலமாகிக்கொண்டிருந்தது. யாரும் உடனே வெளியேறவில்லை. ஒருத்தி சுவரில் சாய்ந்து, இதற்குள் வந்தால் வீட்டுக்குப் போக மனம் வராது என்றா.

றாஹிலா அறையின் அளவைக் கண்ணால் அளந்தா.

"நம்மட ஹிஷாமுக்கு இதுதான் அறை. அவன் ஒலுவில் கம்பஸ் லைப்ரரியில வேலண்டாலும் ஊட்டுக்கு வந்தும் புத்தகத்தோடதான். இஞ்சால மேசை, அஞ்சால அலுமாரி. என்ன மகள்?"

"ஓம் மாமி," என்றாள் நஸ்லா. சந்தோஷமாகச் சொன்னாள். மாமி தன்னிடம் ஒன்றைக் கேட்டு, தன்னால் அதற்கு ஓம் சொல்ல முடிந்ததே என்ற சந்தோஷம்.

ஸுஹைறா தட்டை இறுக்கிப் பிடித்தாள். மலிவு வெள்ளையைப் பூட்டியிருந்தால் றாஹிலா சுவிட்சைப் போட்டு, அடுத்த கணமே நிறுத்திவிட்டுப் போயிருப்பா. இந்த அறை களஞ்சியமாகவே இருந்திருக்கும். அவளே இதை எல்லோருக்கும் வேண்டியதாக்கிவிட்டாள்.

பொம்பிளைகள் ஹோலுக்குப் போனார்கள். தட்டு காலியானதும் அவள் குசினிக்குப் போகவில்லை. அந்த அறைக்குத் திரும்பி வந்து ஜன்னலருகே நின்றாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அலை ஒன்று வந்து, அடுத்தது வருவதற்கிடையில் அவளுடைய இருபத்துமூன்று வயதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் போய் வரலாம் போலிருந்தது. ஹோலில் யாரோ சிரித்தார்கள். கலியாணத்துக்கு எத்தனை கார் வரும் என்று வாப்பா யாரிடமோ கேட்டார்.

காலடிச் சத்தம் வந்தது. லைட்டை நிறுத்த நஸ்லா வந்திருந்தாள். ராத்தாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். சுவிட்சில் வைத்த விரலை எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை.

"ராத்தா, பகல் நான் கதைச்சத மனசுல வெச்சிக்கிடாதீங்க."

ஸுஹைறா தலையாட்டினாள்.

"வெடிச்சிருந்தா என்ட மானமே போயிருக்கும். உம்மாவும் சொன்னா." நஸ்லா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க என்னவோ என்னோட கதைக்கணுமெண்டு நாலஞ்சு நாளா வந்து வந்து போறீங்க. நான்தான் கண்டுங் காணாமத் திரிஞ்சன். சொல்லுங்களன்."

மூன்று வாரமாக எழுதி அழித்த வசனத்தை ஸுஹைறா தேடினாள். அதில் நிறையச் சொற்கள் இருந்தன. நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தொடங்கும். யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று நடுவில் வரும். அந்தச் சொற்களில் ஒன்றுகூட இப்போது கைக்கு அகப்படவில்லை. மாமிக்கு ஓம் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது கேட்டால் அந்த ஓமைத் திருப்பி எடுக்கச் சொல்வதாகும், மணப்பெண்ணை மாமியின் முன்னால் சிறுமைப்படுத்துவதாகும். கேட்காவிட்டால், இனி ஒருநாளும் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஹோலிலிருந்து றாஹிலாவின் குரல் வந்தது, மகள் நஸ்லா, இஞ்ச ஒருக்கா வாங்க என்று. நஸ்லா முகத்தைப் பாதி அந்தப் பக்கம் திருப்பினாள். கண்கள் மட்டும் ராத்தாவில் நின்றன. தங்கையின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருந்தது. சின்ன வயதில் நித்திரைக்கு முன்னால் இருக்கும் முகம்.

"நஸ்லா," என்றாள் ஸுஹைறா. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "இந்த அறைய எனக்குத் தருவியா?"